அறுபத்து மூன்று வயதில் ஐரோப்பாவில் ஒரு புல்லட் பயணம்

(நம் கிளையின் மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2014-ஆம் வருஷம் ஜூன் மாதம், நான் தனியாக ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் ஐரோப்பாவின் ஐந்து நாடுகளைச் சுற்றி வந்தேன். அதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். சாகசக் கதை சொல்லிக் கைதட்டல் வாங்குவது என் நோக்கமல்ல. அந்தப் பயணத்தில் நடந்த ஒன்றை இதுவரை என் அகத்திலேயே யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் ஒப்புக்கொண்டேன்.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் அப்போது ஜெர்மனியில் முனிச் நகரில் இருந்தார்கள். நாங்கள் இருவரும் மூன்று மாதம் அங்கே தங்கப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அலுவலகத்தில் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த ஒரு ஜெர்மானிய இன்ஜினியர், தன் கொட்டகையில் ஒரு வண்டியைக் காட்டினார். பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. நம் திருவொற்றியூரில் செய்த 500 சிசி புல்லட்! 1994-ஆம் வருஷத்து வண்டி.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த வண்டி அது. 1955-ல் சென்னையில் கம்பெனி தொடங்கப்பட்டது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் மூல கம்பெனி மூடப்பட்டுவிட்டது. ஆனால் 1977 முதல் சென்னை வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகி, பிறகு ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கும் போயின. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை செய்யக் கற்றுக்கொடுத்த வீட்டுக்கே கொழுக்கட்டை அனுப்பியது போல!

நான் 1976-ல் நாக்பூரில் வேலையில் இருந்தபோது வாங்கிய புல்லட்டும் இதே மாதிரிதான். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றும் கீழே. முப்பத்தெட்டு வருஷம் பழகிய கால். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் அந்த வயதில் துணிந்திருக்க மாட்டேன். சர்வதேச லைசென்ஸ் எடுத்துப் போயிருந்தேன், இன்ஷ்யூரன்ஸில் என் பெயரையும் சேர்த்தார்கள். என் பெண் மட்டும் சம்மதிக்கவில்லை. "அப்பா, நீங்க இங்கே ரோட்டைக் கிராஸ் பண்றதுக்கே நான் பயப்படறேன்" என்றாள். கடைசியில் என் அகத்துக்காரிதான், "போயிட்டு வரட்டும்டி. ஆனா, இருட்டறதுக்கு முன்னாடி ரூமுக்குப் போயிடணும், தினம் போன் பண்ணணும்" என்று தீர்ப்புச் சொன்னாள். ஜூன் மாதத்தில் அங்கே இருட்டுவதற்கு இரவு ஒன்பதரை ஆகிவிடும் என்பது பாவம் அவளுக்கு முதலில் தெரியாது. சாயங்கால சந்தியாவந்தனத்தை ஒன்பது மணிக்கு மேல் பண்ணிய அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கும்?

பதினான்கு நாள், சுமார் 1900 கிலோமீட்டர். முனிச்சில் புறப்பட்டு ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா வழியாகச் சுற்றி, வியன்னாவைத் தாண்டி டான்யூப் நதியை ஒட்டியே திரும்பினேன். பெட்டியில் ஒரு சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, ஊறுகாய். தயிர் எல்லா ஊரிலும் கிடைத்தது, ஆகவே தயிர் சாதத்துக்குக் குறைவில்லை. நெடுஞ்சாலைகளைத் தவிர்த்து, மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு மேல் போகாமல் கிராமச் சாலைகளிலேயே போனேன்.

இரண்டாம் நாள் ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலை. 1930-ல் தொடங்கி 1935-ல் திறக்கப்பட்டது. 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். 2504 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. நம் தொட்டபெட்டா 2637 மீட்டர். உயரம் கிட்டத்தட்ட அதே, ஆனால் அங்கே ஜூனிலும் சாலை ஓரத்தில் பனிச் சுவர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்று குறையும் அளவுக்கு அது பெட்ரோலைக் குறைக்காது. காற்று போதாமல் இன்ஜின் இருமும், இழுவை குறையும். வண்டியும் நானும் சேர்ந்தே மூச்சு வாங்கினோம்.

ஏறுவது பெரிதல்ல, இறங்குவதுதான் பரீட்சை. பௌதிகம் படித்தவன் என்பதால் அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி, நான், பெட்டி எல்லாம் சேர்ந்து 260 கிலோ. ஹைலிகன்பிளூட் கிராமத்துக்கு இறக்கம் 1200 மீட்டர். அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் வெப்பமானால், ஒன்பது லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பிரேக்கை மட்டும் நம்பினால் இத்தனை வெப்பத்தையும் இரண்டு டிரம்கள் தாங்க வேண்டும். டிரம் சூட்டில் விரிந்து பிரேக் ஷூவை விட்டு விலகும், உராய்வும் குறையும். இதெல்லாம் தெரிந்த நான், காட்சியில் மயங்கி மூன்றாம் கியரிலேயே இறங்கினேன். பாதி வழியில் பிரேக் பிடி தளர்ந்தது. தவறு வண்டியுடையதல்ல, முழுக்க என்னுடையது. நல்லவேளை, ஒரு வண்டி நிறுத்துமிடம் வந்தது. அரை மணி நேரம் ஆற வைத்து, பிறகு இரண்டாம் கியர், முதல் கியரில் இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கினேன்.

இது நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்த கதை. சொல்லாத கதை மறுநாள் நடந்தது.

தெற்கு ஆஸ்திரியாவில் ஒரு கிராமத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. ஊருக்குள் மற்ற வண்டிகளைப் பார்த்து வலது பக்கம் போவது சுலபம். காலிச் சாலையில் நினைவூட்ட யாரும் இல்லை. நாற்பது வருஷப் பழக்கம் என்னை இடது பக்கம் கொண்டுபோய் விட்டது. ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன். வளைவில் ஒரு லாரி நேர் எதிரே வந்தது. ஹாரன் சத்தம் கேட்டதும், "இவன் ஏன் என் பக்கத்தில் வருகிறான்?" என்றுதான் முதலில் தோன்றியது. அந்த ஒரு விநாடிக் கோபத்தை நினைத்தால்தான் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. சாலையை விட்டுப் புல்லில் இறங்கினேன். வண்டி சாயவில்லை, லாரியும் தாண்டிப் போய்விட்டது. வெகு நேரம் புல்லிலேயே உட்கார்ந்து காயத்ரி ஜபித்தேன். அன்றிரவு போனில் என் பெண் "எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டாள். "பிரமாதம்" என்றேன்.

மறுநாள் காலை ஒரு வெள்ளை பிளாஸ்டர் துண்டில் 'வலது' என்று தமிழில் எழுதி, பெட்ரோல் டாங்க் மேல் ஒட்டினேன். அதன் பிறகு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதைப் படித்த பிறகுதான் கிக்கரை உதைத்தேன்.

அதற்குப் பின் ஸ்லோவேனியாவின் வ்ர்ஷிச் கணவாய். 1611 மீட்டர் உயரம், நம்பர் போட்ட ஐம்பது வளைவுகள். முதல் உலக யுத்தத்தில் ஆஸ்திரிய ராணுவத்துக்காக ரஷ்யப் போர்க் கைதிகள் வெட்டிய சாலை அது. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் பலர் புதையுண்டு இறந்தார்கள். கூட வேலை செய்த கைதிகள் அவர்களுக்காக மரத்தால் கட்டிய சின்ன ஆலயம் எட்டாவது வளைவில் இன்றும் இருக்கிறது. நான் போன அன்று மழை. வடக்குப் பக்க வளைவுகளில் கருங்கல் பாவியிருக்கிறார்கள், ஈரத்தில் வழுக்கும். ஆலயத்தின் முன்னால் நின்று யோசித்தேன். முந்தின நாள் புல்லில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பிக் கீழே கிரான்ஸ்கா கோரா கிராமத்தில் ரூம் எடுத்துத் தங்கினேன். மறுநாள் வெயிலில் கணவாயைத் தாண்டி, மரகதப் பச்சையாக ஓடும் சோச்சா நதிக் கரையில் இறங்கினேன். 1915 முதல் 1917 வரை பன்னிரண்டு யுத்தங்கள் நடந்த பள்ளத்தாக்கு என்று சொன்னால் நம்பவே முடியாது. அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் திரும்பியதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

முனிச் திரும்பியதும் என் பெண் டாங்கைப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா?" என்றாள். "சும்மா, ஞாபகத்துக்கு" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. வண்டிக்காரரோ அந்தத் தமிழ் எழுத்து அழகாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றார்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன்? 2021-ல் எனக்கு எழுபது வயது. ஒரு நாள் சாயங்காலம் இங்கே நம் ஊரில், எதிரே வந்த ஆட்டோ எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மயிரிழையில் தப்பினேன். அப்போதும் முதலில் வந்தது அதே கோபம்தான். "இவன் ஏன் இப்படி வருகிறான்?" லாரி ஞாபகம் வந்தது. கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் நன்றாக நடந்தது. பார்வை திரும்பியது. ஆனாலும் வண்டியை விற்றுவிட்டேன். கண்ணைச் சரிசெய்யலாம், அந்தக் கோபத்தைச் சரிசெய்ய முடியும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இங்கே இருக்கும் பலர் இன்னும் ஸ்கூட்டரும் காரும் ஓட்டுகிறீர்கள். நிறுத்துங்கள் என்று சொல்ல நான் யார்? அறுபத்து மூன்றில் போகாதே என்று சொன்னவர்கள் பேச்சை நானே கேட்கவில்லை, போனதற்காக வருத்தப்படவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தப்பித்த கதையை மறைக்காமல் அகத்தில் சொல்லுங்கள். குழந்தைகள் பயந்து சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்றுதான் நாம் மறைக்கிறோம். நானும் அப்படித்தான் மறைத்தேன்.

இந்த உரை நம் இதழில் வரும் என்று செயலாளர் சொல்கிறார். என் பெண் தவறாமல் இதழைப் படிப்பவள். அவள் போன் இனிமேல்தான் வர வேண்டும்.