செத்தல் மிளகாயில் பூஞ்சணம்

(தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் தாய்மார் கூட்டத்தில் பேசியது)



காலையில் மலைக்குப் போகிற அவசரத்தில் நமக்குக் கைகொடுப்பது ரொட்டியும் சம்பலும்தான். செத்தல் மிளகாய் இல்லாத லயத்து அடுப்பு ஏது? அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசுகிறோம்.

போன மழைக்காலத்தில் ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "ஐயா, மிளகாயில பூஞ்சணம் புடிச்சிருச்சு. கழுவி, வறுத்து இடிச்சா சரியாப் போயிரும்தானே?"

சரியாகாது அம்மா. வறுத்தால் பூஞ்சணம் செத்துப்போகும். ஆனால் அது விட்டுப்போகிற விஷம் முழுதாக அழியாது. கழுவினாலும் போகாது. அந்த விஷத்தின் பெயர் அஃப்லடொக்சின். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்குத்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதை ஆராய்ந்தபோதே இந்த விஷத்தைக் கண்டுபிடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வருஷக் கணக்கில் உடம்பில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோய் வரலாம். நிலக்கடலை, சோளம், கொப்பறாவிலும் இது உண்டாகும்.

நம் நாட்டுக்கு வேண்டிய செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. வழியில் எங்கே ஈரம் பட்டதோ நமக்குத் தெரியாது. பதுளைப் பக்கம் ஐப்பசி தொடங்கி தை வரைக்கும் மழையும் பனியும். நல்ல மிளகாய்கூட லயத்துக் காம்பராவில் நமுத்துப்போகும்.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

வாங்கும்போது ஒன்றை ஆட்டிப் பாருங்கள், விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். வளைத்தால் உடைய வேண்டும். தோல் மாதிரி வளைந்தால் ஈரம். பிளந்தும் பாருங்கள். வெளியே சிவப்பாக இருந்தாலும் உள்ளே சாம்பல், பச்சை, கறுப்பு படிந்திருந்தால் வேண்டாம்.

மழைக்காலத்தில் 100 கிராம், 250 கிராம் என்று அளவாக வாங்குங்கள். மலிவு என்று மாதத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டாம்.

வெயில் கண்ட அன்றைக்கு இஸ்தோப்பு ஓரத்தில் சுத்தமான பாயில் காயவையுங்கள். வெறுந்தரையில் போடாதீர்கள். சூடு ஆறியதும் போத்தலில் போட்டு இறுக மூடுங்கள். ஈரக் கையை விடாதீர்கள்.

தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முழுச் செத்தலைப் பார்த்து வாங்கி இடித்துக்கொள்வதே நல்லது.

பூஞ்சணம் பிடித்ததை ஆட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடாமல் குழிதோண்டிப் புதையுங்கள்.

வெயிலிலும் மழையிலும் கொழுந்து எடுத்துச் சம்பாதித்த காசு. வீசுவதற்கு மனசு வராது. எங்கள் வீட்டிலும் முன்பு துடைத்துவிட்டு அரைத்தவர்கள்தான் நாங்கள். ஆனால் அந்தச் சம்பலை நம் பிள்ளையும்தானே தொட்டுச் சாப்பிடுகிறது? ஒரு பிடி மிளகாயைவிடப் பிள்ளையின் ஈரல் பெரியது.

கூட்டத்துக்கு வராத அடுத்த காம்பராக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள்.