முதலில் வெட்டு, பிறகு வேலையா?

(லண்டனில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் நம்மைப் பார்த்து ஒரே பல்லவியைத்தான் பாடுகிறது: வேலைக்குப் போ, வேலைக்குப் போ! நான் கேட்கிறேன், வேலைக்குப் போகமாட்டோம் என்று நம்மில் யார் சொன்னது? பெற்றோல் ஸ்டேஷனில் இரவிரவாகக் கால் கடுக்க நின்ற சனம் நாம். கடைகளில் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பை முறித்துக்கொண்ட சனம். சிலர் காலை இழந்தது சர்க்கரை நோயில். சிலர் இழந்தது வன்னியில், ஷெல்லடியில். உழைப்புக்கு நாம் அஞ்சவில்லை. வேலைக்குப் போய்ப் பார்த்து, உடம்பு கேட்காமல் திரும்பி வந்தால், கையில் இருந்ததும் போய்விடுமே என்றுதான் அஞ்சுகிறோம்.

இந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொரு அரசாங்கமும் அதை நீர் ஊற்றி வளர்த்தது.

2008-இல் தொழிற்கட்சி அரசு, நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான ஈ.எஸ்.ஏ. கொடுப்பனவைக் கொண்டுவந்தது. கூடவே வேலைத்திறன் பரிசோதனையும் வந்தது. 2012-இல் கூட்டணி அரசு புதிய நலன்புரிச் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு, ஊனத்தால் வரும் கூடுதல் செலவுக்கான 'பிப்' கொடுப்பனவு வந்தது. அதற்கு முன்பு, 50 மீற்றர் நடக்க முடியாதவருக்கு உயர்ந்த கொடுப்பனவு கிடைக்கும் என்பது வழக்கமான அளவுகோல். பிப் அதை 20 மீற்றராகக் குறைத்தது. 20 மீற்றர் என்றால் எவ்வளவு? இந்த மேடையிலிருந்து பின்வாசல் கதவு வரை! அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் நீ நடக்கிறவன். அந்த உயர்ந்த கொடுப்பனவைக் கொண்டு எடுத்த மோட்டபிலிற்றி காரைப் பல பேரிடமிருந்து திருப்பி எடுத்தார்கள். அந்தக் காரில்தானே ஐயா அவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்! வேலைக்குப் போ என்று சொல்லிக்கொண்டே போகிற வண்டியைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

2015 ஜூனில், கடும் ஊனமுற்றோர் சொந்த வீட்டில் வாழ உதவிய நிதியத்தையும் மூடினார்கள். 2016 மார்ச்சில் பிப்-ஐ இன்னும் வெட்டப் பார்த்தபோது, அந்தத் துறையின் அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித்தே பதவி விலகினார். அவர் நம் ஆள் அல்ல, வெட்டுகளின் சிற்பி. அவருக்கே தாங்கவில்லை! அதே ஆண்டில் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு விசாரித்து, இந்த நாட்டில் பாரதூரமான அல்லது திட்டமிட்ட உரிமை மீறல் நடந்திருக்கிறது என்று அறிக்கை எழுதியது. மனித உரிமையை உலகத்துக்குப் போதிக்கிற நாட்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சரி, ஆட்சி மாறியது. மாறியது என்ன? 2025 மார்ச்சில் தொழிற்கட்சி அமைச்சர் லிஸ் கெண்டல் நலன்புரி மாற்றங்களை முன்மொழிந்து ஒரு பச்சை அறிக்கை வெளியிட்டார். அதில் இருந்த நாலு புள்ளி விதியைக் கொஞ்சம் உடைத்துச் சொல்கிறேன், கேளுங்கள்.

பிப் படிவத்தில் குளிப்பதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. இடுப்புக்குக் கீழே கழுவிவிட ஆள் வேண்டுமென்றால் 2 புள்ளி. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே கழுவிவிட ஆள் வேண்டுமென்றால் 4 புள்ளி. உடுப்பு மாட்டுவதிலும் அப்படித்தான்: கீழே 2, மேலே 4. எல்லாப் பகுதியும் சேர்ந்து 8 வந்தால் கொடுப்பனவு உண்டு. அரசு என்ன சொன்னது? இனி மொத்தம் எட்டு எடுத்தாலும் காணாது, பத்து எடுத்தாலும் காணாது, ஏதாவது ஒரு பகுதியில் ஒரேயடியாக 4 இருக்க வேண்டும்! பக்கவாதம் வந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். விடிய எழும்பி மனைவி முழங்காலில் இருந்து அவருடைய காலைக் கழுவுகிறாள், துடைக்கிறாள், காற்சட்டையை ஏற்றிவிடுகிறாள். அது போதாதாம். நெஞ்சையும் கழுவினால்தான் கணக்கில் சேருமாம். அவருக்குப் பிப் நின்றால் அவளுடைய பராமரிப்பாளர் கொடுப்பனவும் நிற்கும். வாரம் 35 மணி நேரம் பார்த்துக்கொண்டால் எண்பது சொச்சம் பவுண் தருகிறார்களே, அதுவும் போய்விடும்.

இன்னொன்று. பிப் வேலையில்லாதவருக்கு மட்டும் கொடுக்கிற காசு அல்ல. வேலை செய்கிறவருக்கும் அது உண்டு. ரக்சிக்கும் உதவியாளுக்கும் கொடுத்துத்தான் பலர் வேலைக்கே போகிறார்கள். அதை வெட்டப் பார்த்துவிட்டு, வேலைக்கு வழி திறக்கிறோம் என்று பெயர் வைத்தார்கள். இந்தத் திட்டத்தால் 50,000 குழந்தைகள் உட்பட 250,000 பேர் வறுமையில் விழுவார்கள் என்று சொன்னது நாங்கள் அல்ல. அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு!

ஆனால் உறவுகளே, அந்த விதி நிறைவேறவில்லை. சனம் தெருவில் இறங்கியது. ஆளும் கட்சியிலேயே 120-க்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். 2025 ஜூலை 1-ஆம் தேதி, பாராளுமன்றத்தில் சட்டமூலத்தின் மீது விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே நாலு புள்ளிப் பிரிவை அரசு கைவிட்டது. அப்படியிருந்தும் 49 தொழிற்கட்சி எம்.பி.க்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். அடிபணிந்தது யார்? நாம் அல்ல.

ஆனாலும் சட்டமூலத்தின் மிச்சம் நிறைவேறியது. 2026 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக நோய்வாய்ப்படுகிறவருக்கு யூனிவர்சல் கிரெடிற்றில் சுகாதாரப் பங்காக மாதம் 217 பவுண்தான். முன்பே பெறுகிறவருக்கு அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மிகக் கடுமையான, மாறாத நோயுள்ளவர்களுக்கும் மரணப்படுக்கையில் இருப்பவர்களுக்கும் மட்டும் விலக்கு. மார்ச்சில் சிறுநீரகம் பழுதானவருக்கு ஒரு விலை, மே மாதம் பழுதானவருக்கு ஒரு விலையா? இதோடு வேலைத்திறன் பரிசோதனையை 2028-இல் ஒழித்து, பிப் பரிசோதனையையே எல்லாவற்றுக்கும் ஒரே வாசலாக்குவோம் என்றும் பச்சை அறிக்கை சொல்கிறது. அந்த வாசலில் தடுக்கப்பட்டால் பிப், சுகாதாரப் பங்கு என்ற இரண்டு காசும் போகும். பிப்-ஐ மறுபரிசீலனை செய்கிற பொறுப்பை அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸிடம் கொடுத்தார்கள். முன்வாசலால் துரத்திய நாலு புள்ளி பின்வாசலால் வராமல் பார்ப்பது நம் வேலை.

வேலை, வேலை என்கிறீர்களே, வேலைக்குப் போக வைத்திருக்கிற உதவியின் நிலை என்ன? 'அக்சஸ் டு வேர்க்' என்ற திட்டம் 1994 முதல் இருக்கிறது. சைகைமொழிபெயர்ப்பாளர், விசேட நாற்காலி, ரக்சிச் செலவு எல்லாம் அதிலிருந்து வரவேண்டும். 2025 தொடக்கத்தில் அதில் காத்திருந்தவர்கள் 60,000-க்கும் மேல்! நாற்காலி வரும் வரை முதலாளி காத்திருப்பாரா? கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தில் கிடக்கிற மனிதனுக்கு மிச்ச நாட்களில் வேலை தர எத்தனை முதலாளிகள் வரிசையில் நிற்கிறார்கள்? ஜாப் சென்டரில் நம்மைக் கேட்கிற கேள்வியை அவர்களிடம் ஒருநாள் கேளுங்களேன்.

இனி நம் சனத்துக்கும் ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம். கலியாண வீட்டுப் பந்தியில் இருந்துகொண்டு, "அவருக்கென்ன, சும்மா இருந்து பெனிபிற் எடுக்கிறார்" என்று கதைக்கிறவர்கள் நம்மிடையே இல்லையா? அமைச்சர் நீட்டி முழக்கிச் சொல்வதை நாம் சோற்றைக் குழைத்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். அந்தக் கதைக்குப் பயந்து எத்தனை தாய்மார் விண்ணப்பிக்காமலே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள்! பரிசோதனைக்குப் போனவர்களும் வெட்கத்தில், "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லிப் பூச்சியப் புள்ளியோடு திரும்புகிறார்கள். வைத்தியரிடம் மறைத்தால் நோய் கூடும், பரிசோதகரிடம் மறைத்தால் காசு நிற்கும்.

நாம் கேட்பது பிச்சை அல்ல. வேலைக்குப் போய்ப் பார்த்து முடியாமல் திரும்பினால், பழைய கொடுப்பனவு எந்தக் கேள்வியும் இல்லாமல் அன்றே தொடர வேண்டும். வேலை தொடங்கும் நாளிலேயே தேவையான உதவி கையில் இருக்க வேண்டும். பழையவர், புதியவர் என்ற பாகுபாடு நீங்க வேண்டும். இதையெல்லாம் செய்துவிட்டு வேலைக்குக் கூப்பிடுங்கள், நாம் வருகிறோம். முதலில் வெட்டிவிட்டுக் கூப்பிட்டால் அது அழைப்பு அல்ல, மிரட்டல்.

மறுப்புக் கடிதம் வந்தால் மூலையில் இருந்து அழாதீர்கள். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதுவும் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். பிப் வழக்குகளில் அங்கே விசாரணை வரை போனவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வெல்கிறார்கள். யாரும் பரிசோதனைக்குத் தனியே போகக் கூடாது. ஆங்கிலம் தெரிந்த இளையோரே, ஆளுக்கு ஒருவருடன் கூடப் போங்கள். உங்கள் தொகுதி எம்.பி. ஜூலை 1-ஆம் தேதி எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று இன்றிரவே தேடிப் பாருங்கள். அடுத்த முறை அவர் கோயில் திருவிழாவுக்கு வந்து பொன்னாடை போர்த்திக்கொள்ளும்போது, அந்த வாக்குக்குக் கணக்குக் கேளுங்கள்!