ஃப்ளோட்னு எழுதினா போதுமா?

இன்னைக்கு பேசப்போறது ரொம்பச் சின்ன விஷயம். நீங்க எழுதுற ஃபங்ஷனுக்குள்ள என்ன வரணும், அதுலேர்ந்து என்ன வெளியே போகும்னு எழுதி வைக்கிறது. "பேரைப் பார்த்தாலே தெரியுதே, இதுக்கு எதுக்கு டாக்ஸ்ட்ரிங்?"னு விட்டுடுவோம் இல்லையா, அதேதான்.

சென்னையோட எஸ்டிடி கோடு 044. உங்க ஃபங்ஷன் அதைக் கேக்குது. கூப்பிடுறவர் "எண்தானே"ன்னு இன்ட்டா மாத்தி அனுப்புறார். பைத்தான் அதை 44 ஆக்கிடும். முன்னாடி இருந்த பூஜ்ஜியம் போயிடும், எர்ரரும் வராது. ஏரியா கோடை யாரும் கூட்டிக் கழிக்கப் போறதில்லை, அதனால அது ஸ்ட்ரிங்தான். ஆனா இது உங்க மனசுல மட்டும் இருந்தா அவருக்கு எப்படித் தெரியும்?

அதுக்குத்தான் டைப் ஹின்ட். 2015-ல பைத்தான் 3.5 கூடவே வந்தது. ஆனா ஒரு விஷயம்: கோட் ஓடும்போது பைத்தான் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. இன்ட்னு எழுதின இடத்துல ஸ்ட்ரிங் கொடுத்தாலும் உள்ளே விட்டுடும். மைபை மாதிரி ஒரு டூலைத் தனியா ஓட்டணும்.

சரி, அதையும் ஓட்டியாச்சு. போதுமா?

மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் கதையைப் பாருங்க. 1998 டிசம்பரில் நாசா அனுப்பிய விண்கலம். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழையப் போனது. கிரகத்துக்குப் பின்னால் மறைந்தது, அப்புறம் சிக்னலே வரவில்லை. வழியில் அது தன் த்ரஸ்டர்களை அவ்வப்போது இயக்கும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு தள்ளல் கிடைத்தது என்பதைத் தரையில் இருந்த ஒரு சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு ஃபைலில் எழுதும். லாக்ஹீட் மார்ட்டின் தரப்பு சாஃப்ட்வேர் அதை பவுண்டு-விசை-வினாடியில் எழுதியது. நாசாவின் ஜேபிஎல் நேவிகேஷன் குழு அதை நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டியது, 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது.

இப்போ யோசிங்க. ரெண்டு பக்கமும் ஃப்ளோட்தான். எந்த டைப் செக்கரும் "சூப்பர்"னு பாஸ் பண்ணியிருக்கும்!

"யாரும் டாக்குமென்ட் பண்ணலை போல"ன்னு நினைப்பீங்க. பண்ணியிருந்தாங்க. மெட்ரிக் அலகுலதான் வரணும்னு இன்டர்ஃபேஸ் ஆவணத்துல தெளிவா இருந்தது. கோட் அதைக் கேக்கலை, அவ்வளவுதான். (விசாரணைக் குழு வேற காரணங்களும் சொன்னது, குழுக்களுக்குள்ள சரியான பேச்சுவார்த்தை இல்லாததும் அதுல ஒண்ணு.)

என்னைக் கேட்டா, தனி ஆவணத்துல இருக்கிற குறிப்பை நம்பவே மாட்டேன். பாராமீட்டர் பேரை வெறும் 'இம்பல்ஸ்'னு வைக்காம 'இம்பல்ஸ்_நியூட்டன்_வினாடி'ன்னு வைக்கலாம். பைத்தான்ல நியூடைப்னு ஒண்ணு இருக்கு. நியூட்டன்-வினாடிக்கு ஒரு டைப், பவுண்டு-வினாடிக்கு ஒரு டைப்னு பிரிச்சுட்டா, ஒண்ணு கேக்குற இடத்துல இன்னொண்ணைக் கொடுத்ததும் மைபை கத்தும்.

ஆனா ஃபைலா எழுதி வெளியே அனுப்பினதும் இந்த டைப் எல்லாம் கழண்டுடும், வெறும் எண்தான் மிஞ்சும். ஆர்பிட்டர் மாட்டினது சரியா அந்த இடத்துலதான். அதனால ஃபைல் ஹெடர்லயே அலகை எழுதுங்க. படிக்கிற ஃபங்ஷன், ஹெடர்ல அலகு இல்லைன்னா எர்ரர் கொடுத்து நின்னுடட்டும்.