இரண்டாம் வருஷத்துக் கதவு

(கொல்லிமலை செம்மேட்டில் பழங்குடி, தலித் மாணவர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



70 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் நம்ம பிள்ளைங்க மேல்படிப்புக்குப் போகணும். பத்தாவது முடிச்சதும் எனக்குச் சொன்னாங்க: "உனக்குக் கணக்கு வராது, பாலிடெக்னிக் போ, சீக்கிரம் சம்பாதிக்கலாம்." போனேன். போனது தப்பில்லை. டிப்ளமாவோடு நம்ம படிப்பு முடிஞ்சதுன்னு அடுத்தவன் முடிவு செய்யறானே, அதுதான் தப்பு.

டிப்ளமா முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கணக்குப் பாருங்க. டிப்ளமா 3 வருஷம், பி.இ. 3 வருஷம், ஆக 6. பன்னிரண்டாவது படிச்சுப் போறவனுக்கும் இரண்டும் நாலும் ஆறுதான். இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர்கூட டிப்ளமா இரண்டாம் ஆண்டில் நுழைந்து அப்படியே மேலே போகலாம், 7 வருஷம். இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லலை. விடுதியில் ஓர் அண்ணன் சொன்னார், விண்ணப்பத் தேதி முடிஞ்ச பிறகு. ஒரு வருஷம் பட்டறையில் நின்னுட்டு மறுவருஷம் போட்டேன்.

ஒதுக்கீடு பட்டியல் சாதிக்கு 18 விழுக்காடு, பழங்குடிக்கு 1. தலித் பிள்ளைக்குச் சான்றிதழ் தாசில்தார் தருவார். பழங்குடிக்குக் கோட்டாட்சியர்தான் தரணும், அவர் கீழே நாமக்கல்லில். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். ஆகவே இப்பவே வாங்கி வையுங்க. தனியார் கல்லூரி என்று பயந்து விடாதீங்க. கலந்தாய்வில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே தர 2012இல் 92ஆம் எண் அரசாணை இருக்கிறது. வருமான வரம்பு மட்டும் பார்த்துக்கணும்.

கதவு திறந்தாச்சு. உள்ளே என்ன? மூன்றாம் செமஸ்டர். முதல் வருஷக் கணக்கை மத்தவங்க முடிச்சுட்டாங்க, நாம் பார்த்ததே இல்லை. முதல் வாரமே ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. பாலிடெக்னிக்கில் தமிழில் எழுதினவன் நான். "லேட்டரல் பசங்க பின்னாடி போங்க" என்றார் ஒரு பேராசிரியர். போய் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் யார் யார் என்கிறீர்கள்? ஊருக்குள் மட்டுமா சேரி இருக்கு!

அந்தத் தாளில் இரண்டு தடவை தோற்றேன். அதே வகுப்பில் லேத்தைத் தொட்டவன் நான் ஒருத்தன்தான். பட்டறை வகுப்பில் முன்வரிசைக்காரன் என்னிடம் வந்து கேட்டுக் கேட்டுக் கடைந்தான். அதை எவனும் தகுதி என்று சொல்லலை. அப்புறம் தொகையீட்டை அவன் எனக்குச் சொல்லித் தந்தான், மூன்றாம் தடவை தேறினேன். பண்டமாற்றுதான்.

2021இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு சட்டம் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும் என்கிறது சட்டம். பத்தாவதோடு பாலிடெக்னிக் போனவளும் அதே அரசுப் பள்ளிப் பிள்ளைதானே! இரண்டாம் ஆண்டில் நுழையும் அவளுக்கு ஏன் இல்லை? அதைக் கேட்கணும். சேரும் முன் கோடையில் இரண்டு மாசக் கணக்கு வகுப்பு, விடுதிச் சோற்றோடு, அதையும் கேட்கணும்.

மூன்றாம் ஆண்டு படிக்கிறவங்க உடனே கிளம்பிடாதீங்க. என் பழைய கணக்கு நோட்டைக் கொண்டு வந்திருக்கேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, வகையீட்டிலிருந்து ஆரம்பிப்போம்.