வீட்டின் அகலமும் வழியின் நீளமும்

வெள்ளவத்தையில் இரண்டறை மாடிவீடொன்றில் நெருக்குண்டு வாழும் குடும்பத்தினர், அதே வாடகைக்குப் பாணந்துறையில் முற்றமும் கிணறும் உள்ள வீடு கிடைக்குமென அறிந்தால் மனம் அசைவது இயல்பே. பிள்ளைகளுக்குப் படிக்கத் தனியிடம், பாட்டி அமர மாமர நிழல். இவற்றை அற்பமென்று நான் கூறமாட்டேன்.

ஆயினும், கொழும்புக் கோட்டையிலிருந்து பாணந்துறை 25 கிலோமீற்றருக்கு மேல். போகவும் வரவும் மேலதிகமாக ஒவ்வொரு மணி நேரம் செல்லுமெனக் கொள்வோம். ஆண்டின் 240 வேலைநாட்களில் அது 480 மணி. அதாவது, இரவும் பகலுமாக 20 நாட்கள்! புகைவண்டிப் பருவச்சீட்டின் விலையைக் கணக்கிடுவோர் இந்த 20 நாட்களை எழுதிவைப்பதில்லை. விடியுமுன் புறப்பட்டு, பிள்ளைகள் உறங்கியபின் திரும்பும் தந்தைக்கோ தாய்க்கோ அம்முற்றம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமே உரியது. மற்றையோர் பெறும் வசதிக்கு அவ்வொருவரே விலை கொடுக்கிறார்.

பாடசாலையும் கொழும்பிலேயே இருக்குமாயின் பிள்ளைகளும் அவ்விலையைக் கொடுப்பர். முதற்பாடத்திலேயே கண்ணயரும் மாணவரிற் பலர் தொலைவிலிருந்து வருவோரென்பதை அதிபர் என்ற முறையில் காண்கின்றேன். அந்நிலையில் நான் நெருக்கமான வீட்டையே தேர்வேன். பாடசாலையை மாற்ற இயலுமாயின் பாணந்துறைக்கே என் வாக்கு. எதுவாயினும், முற்பணம் கொடுக்குமுன் மழைக்காலத் திங்கட்கிழமையொன்றிற் காலை வண்டியில் ஒருமுறை நின்றபடி பயணஞ்செய்து பாருங்கள்.