வானமும் மக்களுக்கு உரியது



2010 ஜனவரி 15 அன்று நண்பகல் ஒரு மணி கடந்த வேளையில், காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளின் மேலே சூரியன் ஓர் ஒளி வளையமாக நின்றது. சந்திரன் புவியிலிருந்து தொலைவில் இருந்தமையால் அதனால் சூரியனை முழுமையாக மறைக்க இயலவில்லை. விளிம்பு மட்டும் வளையமாக எஞ்சியது. தனுஷ்கோடியில் அக்காட்சி 10 நிமிடங்களுக்கு மேல் நீடித்தது. அதனினும் நீண்ட வளைய சூரிய கிரகணம் இனி 3043 டிசம்பரில்தான் நிகழும்.

அத்தகைய அரிய நாளிலும் கதவை அடைத்துக்கொண்ட வீடுகள் நாடெங்கும் இருந்தன. கர்ப்பிணிகள் வெளியே வரலாகாது, சமைத்த உணவை உண்ணலாகாது என்ற விலக்குகள் அங்கெல்லாம் ஆட்சி செய்தன.

அவ்வீட்டாரை இகழ்வது அறிவியல் பிரச்சாரம் ஆகாது. திருவனந்தபுரத்தில் 1837-இலேயே மன்னரின் ஆதரவில் வானாய்வுக்கூடம் எழுந்தது. ஆனால், சாலையில் செல்லும் உரிமைக்காகவே வெங்ஙானூர் அய்யன்காளி 1893-இல் வில்வண்டி ஏற வேண்டியிருந்த நாடு இது. சாலையே மறுக்கப்பட்டவர்களுக்குத் தொலைநோக்கியை யார் காட்டியிருப்பார்கள்? அறிவு மறுக்கப்பட்ட இடத்தில்தான் அச்சம் குடியேறியது.

அச்சம் நிலையானதன்று. 1980 பிப்ரவரி 16 முழு கிரகணத்தின்போது பல நகரங்களின் தெருக்கள் வெறிச்சோடின. 1995 அக்டோபர் 24 அன்று அதே முழு கிரகணத்தைக் காண டைமண்ட் ஹார்பரில் மக்கள் திரண்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற மக்கள் அறிவியல் அமைப்புகள் ஊர் ஊராகச் செய்த பணிக்கு இம்மாற்றத்தில் பங்குண்டு.

இப்பணிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு சிறு முகக்கண்ணாடியின் மேல், அரை சென்டிமீட்டர் துளையிட்ட தாளை ஒட்டி வெயிலில் வைத்தால் போதும். 10 மீட்டர் தொலைவிலுள்ள இருண்ட அறையின் சுவரில் சூரியன் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலத்தில் விழும். வெளியே வர அஞ்சும் மூதாட்டியின் வீட்டுக்குள்ளேயே சூரியன் சென்றுவிடும். வெறுங்கண்ணாலோ, புகையேற்றிய கண்ணாடி வழியாகவோ சூரியனைப் பார்க்கக்கூடாது என்பதையும் அப்போதே விளக்க வேண்டும். கண்ணுக்கு ஊறு செய்வது என்றும் உள்ள அதே சூரிய ஒளிதான். கிரகணத்துக்கெனத் தனி நஞ்சு எதுவுமில்லை.

கிரகணத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருநாள், இவ்வூரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நண்பகலில், செங்குத்தாக நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே மறையும். பள்ளி முற்றத்தில் ஒரு கோல் நட்டால் அதுவே வகுப்பறை.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு கூறுகிறது. 2031 மே 21 அன்று வளைய கிரகணத்தின் பாதை மீண்டும் கேரளத்தையும் தென் தமிழ்நாட்டையும் கடக்கும். இங்கும் சூரியனின் பெரும்பகுதி மறையும். அன்று இவ்வூரில் ஒரு கதவும் அச்சத்தால் அடைபடாதிருக்க, கிளைதோறும் இன்றே பணி தொடங்கட்டும்!