சிஸ்டர் லினியும் முடியாத படிப்பும்

(ஸ்ரீவராகத்தில், புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்காக நிகழ்த்திய பேச்சு)



ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள்? முதல் நாள் சுக்குக் காப்பி. மறுநாள் மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் கோட்டை தாலுகா ஆஸ்பத்திரி.

டாக்டர் வந்து பார்ப்பார். மருந்து எழுதுவார். அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். படுக்கையில் கிடப்பவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்பவர் யார்? செவிலியர்தான். நம் ஊரில் சிஸ்டர் என்று கூப்பிடுகிறோம்.

ஊசி போடுவது மட்டும்தான் சிஸ்டர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அவர் காய்ச்சல் பார்க்கிறார். நாடி பார்க்கிறார். மூச்சை எண்ணுகிறார். எல்லாவற்றையும் சார்ட்டில் எழுதி வைக்கிறார். அடுத்த ஷிப்டுக்கு வரும் சிஸ்டர் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். நோயாளியின் நிலை மோசமானால் முதலில் கண்டுபிடிப்பவரும் அவர்தான்.

“மூன்று, நான்கு ஆண்டு படித்துவிட்டுத்தானே வேலைக்கு வருகிறார்கள்? அதற்கு மேலும் என்ன படிப்பு?” என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பதில் நம் கேரளத்திலேயே நடந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது.

வடக்கே கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா என்ற ஊர் உண்டு. அங்கேயும் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. அதில் லினி புதுச்சேரி என்ற செவிலியர் வேலை பார்த்தார். நிரந்தர வேலை இல்லை. வீட்டில் இரண்டு சின்னப் பையன்கள். கணவர் வளைகுடா நாட்டில் இருந்தார்.

2018 மே மாதத் தொடக்கத்தில் ஓர் இளைஞர் கடுமையான காய்ச்சலோடு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். லினி அவரைப் பார்த்துக்கொண்டார். அது என்ன காய்ச்சல் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த இளைஞர் இறந்துவிட்டார். பிறகு லினிக்கும் காய்ச்சல் வந்தது. மே 21-ஆம் தேதி அவரும் இறந்தார்.

சாவதற்கு முன் தன் கணவருக்கு அவர் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். இனிப் பார்க்க முடியும் என்று தோன்றவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருந்தார். நோய் பரவக்கூடாது என்பதால் உடலை உடனே தகனம் செய்தார்கள்.

அந்த நோயின் பெயர் நிபா. பழம் தின்னும் வௌவாலிடம் இருக்கும் கிருமியால் வருகிறது. அந்த ஆண்டு கேரளத்தில் நிபாவால் 17 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆஸ்பத்திரியில்தான் தொற்றியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2001-இல் மேற்கு வங்காளத்தில் சிலிகுரி நகரத்திலும் நிபா வந்தது. அது நிபா என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கும்தான் அதிகமாகத் தொற்றியது. அதைப் பற்றிக் கட்டுரைகளும் வந்தன. ஆனால் பாடம் தாளில் இருந்தால் போதுமா? இரவு ஷிப்டில் நிற்கும் சிஸ்டரிடம் அது வந்து சேர வேண்டாமா?

2018-க்குப் பிறகு கேரளத்தில் பயிற்சிகள் நடந்தன. சந்தேகமான காய்ச்சல் என்றால் உடனே தனி வார்டு. முகக்கவசம், கையுறை, மேலங்கி. அவற்றைப் போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. கழற்றுவதற்கும் ஒரு வரிசை உண்டு. கழற்றும்போது தவறினால் கிருமி கையில் ஒட்டிக்கொள்ளும்.

பலன் என்ன? 2019 ஜூன் மாதம் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தது. அவரோடு பழகிய 300-க்கும் மேற்பட்டவர்களைக் கண்காணித்தார்கள். ஒருவருக்கும் தொற்றவில்லை. மாணவரும் பிழைத்தார். 2023-இல் கோழிக்கோட்டில் ஆறு பேருக்கு வந்தது. நோய் இன்னது என்று தெரியும் முன்பே இருவர் இறந்திருந்தார்கள். மற்ற நான்கு பேரும் பிழைத்தார்கள்.

எல்லாப் பயிற்சிக்கும் அடிப்படை கை கழுவுதல். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நேரங்களைச் சொல்கிறது. நோயாளியைத் தொடும் முன். காயத்தைத் துடைப்பது போன்ற சுத்தமான வேலைக்கு முன். ரத்தம், சளி, சிறுநீர் பட்டால் உடனே. நோயாளியைத் தொட்ட பின். அவருடைய கட்டில், மேஜையைத் தொட்ட பின். சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும்.

ஒரு வார்டில் ஏராளமான நோயாளிகள். ஒரே ஒரு சிஸ்டர். அவர் எப்படி ஒவ்வொரு முறையும் கை கழுவுவார்? எப்படிப் பயிற்சிக்குப் போவார்? போதுமான ஆட்கள் வேண்டும். சோப்பும் தண்ணீரும் கையுறையும் தட்டில்லாமல் கிடைக்க வேண்டும். பயிற்சி நாளையும் வேலை நாளாகக் கணக்கிட வேண்டும். இதைக் கேட்கும் உரிமை பொதுமக்களுக்கும் உண்டு.

கேரள அரசு லினியின் பெயரில் செவிலியர்களுக்கு விருது கொடுக்கிறது. நல்ல காரியம். இன்னொரு லினியை இழக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய மரியாதை.

அதற்கு நீங்களும் உதவலாம். நோயாளியைப் பார்க்கக் கூட்டமாகப் போகாதீர்கள். வார்டுக்குள் நுழையும் முன்பும், வெளியே வந்த பிறகும் கை கழுவுங்கள். சிஸ்டர் முகக்கவசம் போடச் சொன்னால் கோபப்படாதீர்கள். “சிஸ்டர், கை கழுவியாச்சா?” என்று பணிவாகக் கேளுங்கள். அதில் தப்பில்லை.

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் சுவரில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். மருந்துச் சீட்டில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள். மாத்திரை அட்டையில் கடைசித் தேதியைப் பாருங்கள். புரியாததை சிஸ்டரிடம் கேளுங்கள்.

அவரும் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். உங்களைப் போலவே.